எலும்பிலிருந்து நுரையீரலுக்கு

இளைஞன் ஒருவன் மிதிவண்டியில் செல்கையில் லாரி மோதி வீழ்கிறான். அவனது தொடை எலும்பு முறிந்துவிடுகிறது. மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். வலி கடுமையாக இருப்பினும் அவன் அறிவு தெளிவாக இருக்கிறது. சுற்றத்தாரோடு பேசுகிறான், கஞ்சி அருந்துகிறான், "கால் எலும்புதானே, கூடிவிடும்" என்று ஆறுதலும் கூறுகிறான். ஒரு நாள் கழிகிறது. இரண்டாம் நாள் மாலையில் அவன் மூச்சு விரைகிறது. உதடு கருநீலம் பாய்கிறது. படுக்கையில் புரள்கிறான், பொருளின்றிப் பிதற்றுகிறான், பெற்ற தாயையே அடையாளம் அறியாது விழிக்கிறான். சட்டையை விலக்கிப் பார்த்தால் கழுத்திலும் மார்பிலும் அக்குளிலும் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் தோன்றியிருக்கின்றன.

முறிந்தது கால், திணறுவதோ மூச்சு, கலங்குவதோ மூளை. காலுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு? தலையில் அடியே படாதவன் நினைவிழப்பது ஏன்? அடிபட்ட அன்றே தோன்றாமல், இரண்டு நாள் பதுங்கியிருந்து இத்துன்பம் தாக்குவது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை காண மருத்துவ உலகம் பல தலைமுறைக் காலம் முயன்றது. அந்த முயற்சியின் வரலாற்றையே இன்று நாம் காணப் போகிறோம். மேனாட்டு மருத்துவர் 'ஃபாட் எம்பாலிசம்' என்று வழங்கும் இந்நோயை நாம் 'கொழுப்பு அடைப்பு' என்று கூறலாம்.

முதலில் எலும்பின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். வளர்ந்த மனிதனின் நீண்ட எலும்பு கட்டையைப் போலத் திண்மையானதன்று. மூங்கிலைப் போல உள்ளே குழல் உடையது. அக்குழலில் நிறைந்திருப்பது மஜ்ஜை. குழந்தைப் பருவத்தில் இரத்த அணுக்களை ஆக்கும் செம்மஜ்ஜையே மிகுதி. வயது ஏற ஏற, கை கால்களின் நீண்ட எலும்புகளில் அதன் இடத்தை மஞ்சள் மஜ்ஜை கொள்கிறது. மஞ்சள் மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பே. இக்கொழுப்பினூடே மெல்லிய சிரைகள் ஓடுகின்றன. எலும்பு முறியும்போது கொழுப்பணுக்கள் சிதைகின்றன, சிரைகளும் கிழிகின்றன. உடலின் மற்ற இடங்களில் கிழிந்த சிரை சுருங்கி மூடிக்கொள்ளும். எலும்புக்குள் உள்ள சிரையோ சுற்றியுள்ள எலும்போடு ஒட்டியிருப்பதால் திறந்த வாயாகவே நிற்கும். உருகிய நெய் போன்ற கொழுப்புத் துளிகள் அவ்வாயில் புகுந்து, இரத்தத்தோடு கலந்து, இதயத்தின் வலப்புறத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் செலுத்தப்படுகின்றன. நுரையீரலில் உள்ள தந்துகிகள் என்னும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் எட்டுப் பங்கே ஆகும். அவ்வளவு குறுகிய வழியில் கொழுப்புத் துளிகள் சிக்கிக்கொள்கின்றன.

இன்று இதனைச் சில வாக்கியங்களில் சொல்லிவிடுகிறோம். ஆனால் இவ்வாக்கியம் ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஆய்வு உண்டு.

இரத்தக் குழாயில் எண்ணெய்ப் பொருள் கலந்தால் தீங்கு நேரும் என்பதை எலும்பு முறிவோடு தொடர்பின்றியே சிலர் முன்னர்க் கண்டிருந்தனர். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரிச்சர்டு லோவர் முதலியோர் நாய்களின் சிரைகளில் பாலையும் எண்ணெயையும் செலுத்திப் பார்த்தனர், அவ்வுயிர்கள் மடிந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் மஜந்தி ஆலிவ் எண்ணெயைக் கொண்டு இத்தகைய சோதனை செய்து, எண்ணெய் நுரையீரலின் நுண்குழாய்களை அடைப்பதைக் குறித்தார். ஆயினும் மனித உடலில் தானாகவே இது நிகழக்கூடும் என்று எவரும் கருதவில்லை. அதே நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்கோ, இரத்தக் கட்டி ஓரிடத்தில் தோன்றிப் பெயர்ந்து வேறோர் இடத்தில் அடைத்துக்கொள்ளும் என்று நிறுவினார். அதற்கு அவர் இட்ட பெயரே 'எம்பாலிசம்'. அடைப்பான் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. நோயின் தோற்றுவாய் ஓரிடம், அதன் விளைவு வேறோர் இடம் என்னும் எண்ணம் இவ்வாறு மருத்துவத்தில் வேரூன்றியது.

அது இருப்புப்பாதைகள் பெருகிய காலம். ஜெர்மனியில் லைப்சிக் நகரையும் டிரெஸ்டன் நகரையும் இணைக்கும் நெடும்பாதை 1839இல் நிறைவுற்றது. புகைவண்டி வணிகத்தை வளர்த்தது. அதற்குமுன் காணாத கொடிய காயங்களையும் கொணர்ந்தது. 1861ஆம் ஆண்டு டிரெஸ்டனில், இரு வண்டிப் பெட்டிகளுக்கிடையே நசுங்கி இறந்த ஒரு தொழிலாளியின் உடல் பரிசோதனைக்கு வந்தது. பரிசோதித்தவர் ஃபிரீட்ரிக் ஆல்பர்ட் ஜென்கர். இவர் 1860இல், டைஃபாய்டு காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட பணிப்பெண் ஒருத்தியின் தசையில் டிரிகினா என்னும் நுண்புழுக்களைக் கண்டறிந்து புகழ்பெற்றவர். பிறர் பார்த்து முடித்த இடத்தில் மீண்டும் பார்க்கும் வழக்கம் இவருடையது. தொழிலாளியின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, தந்துகிகளுக்குள் கொழுப்பு நிறைந்திருப்பதைக் கண்டார். மனித உடலில் கொழுப்பு அடைப்பு கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. 1862இல் அவர் இதனை எழுதி வெளியிட்டார்.

ஆனால் அக்கொழுப்பு எங்கிருந்து வந்தது? அம்மனிதனின் இரைப்பையும் கல்லீரலும் கிழிந்திருந்தன. விலா எலும்புகளும் முறிந்திருந்தன. உணவிலிருந்த கொழுப்பே கிழிந்த கல்லீரலின் சிரைகள் வழியாக உட்புகுந்திருக்க வேண்டும் என்று ஜென்கர் கருதினார். அவர் கண்டது சரி. கொண்ட முடிவு தவறு. மாணவர்கள் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். உள்ளதை உள்ளவாறு கண்டு எழுதி வைத்தவரின் பணி, அவருடைய விளக்கம் பிழையாயினும் வீணாவதில்லை. அடுத்து வருவோர் திருத்திக்கொள்வர்.

அவ்வாறே நடந்தது. லைப்சிக் நகரில் எர்ன்ஸ்ட் வாக்னர் பல உடல்களைப் பரிசோதித்து, நுரையீரலில் கொழுப்புக் காணப்பட்டோரில் மிகப் பலர் எலும்பு முறிந்தவர்கள் என்பதை 1865இல் எடுத்துக் காட்டினார். மறு ஆண்டு புஷ் என்பவர் முயல்களின் எலும்புக் குழலில் நிறமூட்டிய எண்ணெயை வைத்துச் சோதித்தார். அந்நிறம் நுரையீரலில் போய்ச் சேர்ந்தது. கொழுப்பின் பிறப்பிடம் இரைப்பை அன்று, எலும்பு மஜ்ஜையே என்பது ஐயமின்றி விளங்கிற்று.

எனினும் இதுவரை கண்டதெல்லாம் இறந்தோர் உடலில்தான். உயிரோடு இருக்கும் நோயாளியைப் பார்த்து, "இவருக்கு நேர்ந்திருப்பது இதுவே" என்று சொல்ல வல்லார் இல்லை. அப்பெருமை எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மன் என்பாரைச் சாரும். இவர் 1836இல் ரீகா நகரில் பிறந்தவர். இன்று எஸ்தோனியா நாட்டில் டார்ட்டு என வழங்கும் டோர்ப்பாட் நகரின் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1863இல், இளம் ஆய்வாளராக இருந்தபோது, பூனைகளின் சிரைகளில் பன்றிக் கொழுப்பைச் செலுத்தி, அவை எவ்வாறு மூச்சுத் திணறி நலிகின்றன என்பதை ஆராய்ந்து எழுதினார். பத்தாண்டுகள் சென்றன. அவர் அதே நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியரானார். 1873இல், கூரையிலிருந்து வீழ்ந்து தொடை எலும்பின் கீழ்ப்பகுதி நொறுங்கிய ஒருவர் அவரிடம் கொணரப்பட்டார். வயது 38. முதலில் பெருந்தீங்கு எதுவும் தோன்றவில்லை. பின்னர், மூன்றாம் நாளில், மூச்சு முட்டியது, உடல் நீலம் பாய்ந்தது, நினைவு தப்பியது. படுக்கையருகே நின்ற பெர்க்மன், பத்தாண்டுகளுக்கு முன் தாம் கண்ட பூனைகளை நினைவு கூர்ந்தார். இது கொழுப்பு அடைப்பு என்று கூறினார். உயிருள்ள மனிதரிடம் இந்நோய் அறியப்பட்டது அதுவே முதன்முறை. ஆனால் அறிந்துகொண்டதால் அம்மனிதரைக் காக்க இயலவில்லை, அவர் மாண்டார். நோயை அறிவது வேறு, தீர்ப்பது வேறு என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

அடுத்து எழுந்த சிக்கல் வேறு வகையானது. மேலும் மேலும் தேடியபோது, எலும்பு முறிந்த ஏறக்குறைய எல்லோருடைய இரத்தத்திலும் கொழுப்புத் துளிகள் காணப்பட்டன. கொரியப் போரில் காயமுற்று இறந்த அமெரிக்க வீரர்களின் உடல்களை ஆராய்ந்தபோதும் பெரும்பாலோர் நுரையீரலில் கொழுப்பு இருந்தது. 1956இல் அவ்வாய்வு வெளியாயிற்று. ஆனால் நோய்வாய்ப்படுவோரோ நீண்ட எலும்பு முறிந்த நூறு பேரில் சிலரே. எலும்புகள் பல முறிந்தோரிடம் அத்தொகை உயர்கிறது. எல்லோரிடமும் கொழுப்பு இருக்கையில் சிலரை மட்டும் அது வருத்துவது ஏன்?

இங்கே அறிஞர் இரு பிரிவாயினர். கொழுப்பணுக்கள் சிதைதல், சிரை கிழிதல், கொழுப்பைச் சிரைக்குள் செலுத்தும் விசை உண்டாதல் என்னும் மூன்றும் கூடினால் அடைப்பு நேரும் என்று அமெரிக்கரான காஸ் 1924இல் எழுதினார். அவர் கூற்றின்படி இது நீர்க்குழாயில் குப்பை அடைப்பது போன்றதே. லேமன், மூர் என்னும் இருவரோ, இரத்தத்தில் இயல்பாகவே கலந்திருக்கும் கொழுப்பு, அடிபட்ட உடலின் மாறுதலால் திரண்டு துளியாகிறது என்று 1927இல் வாதிட்டனர். 1950களில் லெனார்டு பெல்ட்டியர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் வேறொரு வழியைக் காட்டினார். நுரையீரலில் தங்கிய கொழுப்பு முதலில் அத்துணைத் தீங்கு செய்வதில்லை. நொதிப் பொருள்கள் அதனைச் சிறிது சிறிதாகச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்களே தந்துகிகளின் மெல்லிய சுவரை அரித்து நீர் கசியச் செய்கின்றன. இவ்வாறாயின், அடிபட்டபின் ஒன்றிலிருந்து மூன்று நாள்வரை நோயாளி நலமாகத் தோன்றுவதன் மருமம் ஓரளவு விளங்குகிறது. முன்னது அடைப்பு, பின்னது அரிப்பு. இவ்வழக்கு இன்றும் முற்றிலும் முடிந்துவிடவில்லை. ஆயினும் இரண்டும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன என்பதே பெரும்பாலோர் கருத்து.

மூளைக்குக் கொழுப்புச் செல்வது எவ்வாறு? கொழுப்புத் துளி நெகிழும் தன்மையது. சில துளிகள் நீண்டு நெளிந்து நுரையீரலைக் கடந்துவிடும். மேலும், கருவில் இருக்கும்போது இதயத்தின் மேலறைகளுக்கிடையே உள்ள சிறு வழி, நால்வரில் ஒருவருக்குப் பிறந்தபின்னும் முற்றிலும் மூடுவதில்லை. அவ்வழியே சென்ற துளி நேரே மூளையை அடையக்கூடும்.

இனி, மருத்துவ வரலாற்றின் மிக முக்கியமான திருப்பத்திற்கு வருவோம். நோயின் காரணம் தெரிந்தது, மருந்து உண்டா? கொழுப்பைக் கரைக்கும் என்று கருதிச் சாராயத்தைச் சிரையில் ஏற்றிப் பார்த்தனர். இரத்தம் உறையாமற் காக்கும் ஹெப்பாரினைக் கொடுத்தனர். ஸ்டீராய்டு மருந்துகளையும் அளித்தனர். ஒன்றேனும் உறுதியான பயன் தந்ததாக நிலைபெறவில்லை. பிராணவாயுவைத் தந்து, வேண்டுமாயின் செயற்கைச் சுவாசக் கருவியைப் பொருத்தி, நுரையீரல் தானே தேறும்வரை உயிரைத் தாங்கி நிற்பதே இன்றும் மருத்துவர் கையில் உள்ள வழி. தீர்க்க இயலாத நோயைத் தடுக்க இயலுமா என்பதே எஞ்சிய கேள்வி.

தடுக்கும் வழி ஒன்று எளிய உருவில் முன்னரே இருந்தது. வேல்ஸ் நாட்டு எலும்பு வைத்தியர் குடும்பத்தில் வந்து, லிவர்ப்பூல் நகரில் தொழில் புரிந்த ஹியூ ஓவன் தாமஸ் என்பவர், முறிந்த காலை அசையாது நிறுத்தும் ஓர் இரும்புச் சட்டத்தை அமைத்தார். அவர் 1891இல் மறைந்தார். முதல் உலகப் போரின் தொடக்கத்தில், தொடை எலும்பில் குண்டு பாய்ந்த வீரரில் மிகப் பலர் இறந்தனர். தாமஸின் மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் முயற்சியால் அச்சட்டம் போர்முனையிலேயே கட்டப்பட்ட பின்னர் இறப்புப் பெரிதும் குறைந்தது. அவ்விறப்புகளுக்கு இரத்தப்போக்கும் அதிர்ச்சியும் சீழும் முதன்மையான காரணங்கள் என்பது உண்மை. ஆயினும் முறிந்த எலும்பு அசையுந்தோறும் உடல் முழுதும் கேடுறும் என்னும் பாடத்தை அச்சட்டம் கற்பித்தது.

1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்டு குண்ட்ஷர், முறிந்த தொடை எலும்பின் குழலுக்குள் நீண்ட உலோக ஆணியைச் செலுத்தி இரு துண்டுகளையும் இணைத்தார். பலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். மஜ்ஜை நிறைந்த குழலில் ஆணியை அடித்தால் கொழுப்பு இரத்தத்தில் பாயாதோ என்பது அவர்கள் எழுப்பிய தடைகளுள் ஒன்று. அந்த அச்சம் பொருளற்றதன்று. போருக்குப்பின் ஆணி முறை உலகெங்கும் பரவிய போதும், பலத்த காயமுற்றவரை உடனே அறுவைக்கு உட்படுத்த மருத்துவர் அஞ்சினர். "இவர் மிகவும் நலிந்திருக்கிறார், கொழுப்பு அடைப்பின் காலம் கடக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்றனர். காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு நாள்கணக்கில் காத்திருந்தனர். பரிவினால் எழுந்த காத்திருப்பு அது. ஆனால் நோயாளி மல்லாந்து கிடந்த அந்நாள்களில்தான், முறிந்த எலும்பின் முனைகள் அசைந்து அசைந்து மஜ்ஜையைக் கலக்கிக்கொண்டிருந்தன.

இவ்வழக்கத்தை ஐயுற்றோரில் பின்லாந்து நாட்டு ரிஸ்காவும் அவர் துணைவரும் குறிப்பிடத்தக்கவர். எலும்பை விரைவில் இணைத்தோரிடம் கொழுப்பு அடைப்பு அரிதாகவே காணப்படுகிறது என்று அவர்கள் 1970களிலும் 1980களிலும் எழுதினர். ஆனால் நலமான நோயாளிகளையே விரைவில் அறுவைக்குத் தேர்ந்தெடுத்திருக்கலாமே என்ற மறுப்புக்கு இடமிருந்தது. அம்மறுப்பை அகற்ற, அமெரிக்காவின் டல்லஸ் நகரில் லாரன்ஸ் போன் என்பவரும் உடனுழைத்தோரும் முறையான சோதனை ஒன்றை நடத்தினர். தொடை எலும்பு முறிந்த 178 பேரை, மருத்துவர் விருப்பத்திற்கு விடாமல், இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு 24 மணி நேரத்திற்குள் எலும்பு இணைக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு 48 மணி நேரம் கழிந்த பின்னரே இணைக்கப்பட்டது. 1989இல் முடிவு வெளியாயிற்று. பல காயங்களுற்றோரில், தாமதித்த பிரிவினரே நுரையீரல் நோய்களால் மிகுதியாக வருந்தினர்; மருத்துவமனையிலும் நெடுநாள் கிடந்தனர். அறுவையைத் தாங்க இயலாதவாறு நலிந்தவர் என்று எவரைக் கருதினார்களோ, அவருக்கே அறுவை மிக விரைவில் தேவை என்பது புலனாயிற்று.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் கதை இனிதாக இருக்கும். உண்மை அவ்வளவு எளிதன்று. 1993இல் எடின்பரோ நகர மருத்துவர்கள், ஆணி செலுத்தும்போது உணவுக்குழல் வழியாக ஒலியலைக் கருவியைச் செலுத்தி இதயத்தை நோக்கினர். குழலைக் குடையுந்தோறும் துளிகளின் கூட்டம் இதயத்தைக் கடந்து செல்வது திரையில் தெரிந்தது. குண்ட்ஷரை எதிர்த்தோரின் அச்சம் இவ்வாறு கண்ணெதிரே தோன்றிற்று. அதே ஆண்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து பாப்பே என்பவரும் பிறரும் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். மார்பிலும் கடுங்காயமுற்று நுரையீரல் நலிந்திருப்போருக்கு உடனடியாகக் குழலைக் குடைந்து ஆணி செலுத்துவது தீங்காகக்கூடும் என்றனர். இதனால் இடைவழி ஒன்று பிறந்தது. மிக நலிந்தோருக்கு, தோலுக்கு வெளியே உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்தி எலும்பை உடனே அசையாது நிறுத்துவர். உடல் தேறியபின் ஆணி செலுத்துவர். போர்க்கப்பலில் ஓட்டை விழுந்தால் முதலில் நீர் புகாமல் அடைத்துவிட்டு, துறைமுகம் சேர்ந்தபின் செப்பனிடுவது போன்ற முறை இது. எலும்பை விரைவில் நிலைநிறுத்துக என்னும் விதி மாறவில்லை. எக்கருவியால் நிலைநிறுத்துவது என்பதே நோயாளிக்கு ஏற்ப மாறுகிறது.

இந்நோயை ஐயமற அறிவிக்கும் தனிச் சோதனை எதுவும் இன்றும் இல்லை. பெல்ஃபாஸ்ட் நகரின் கர்டு என்பவர் 1970இல் வகுத்துக் கூறிய மூன்று அடையாளங்களான மூச்சுத் திணறல், மூளைக் கலக்கம், செம்புள்ளிகள் ஆகியவை இன்னும் மருத்துவருக்கு வழிகாட்டுகின்றன. செம்புள்ளிகள் சில நாள்களில் மறைந்துவிடும். தேடாதவர் கண்ணில் படா. ஆதலால் கருவிகள் மலிந்த இக்காலத்திலும், நோயாளியின் மார்பை விலக்கிப் பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கும், "இவர் நேற்றுப் போல் இன்று பேசவில்லை" என்று கவனித்துச் சொல்லும் செவிலியின் சொல்லுக்கும் மதிப்புக் குறையவில்லை.

நண்பர்களே, மருத்துவம் பயிலாத நமக்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. சாலையில் அடிபட்டுக் கிடப்பவரின் கால் வளைந்திருந்தால், இரக்க மிகுதியால் நால்வர் கூடிக் கையையும் காலையும் பற்றித் தூக்குகிறோம். அவ்வாறு தூக்குதல் கூடாது. மருத்துவ ஊர்தியை அழைத்துவிட்டு, கால் அசையாமல் தாங்கிப் பிடித்தலே முதல் உதவி. கொண்டு செல்லவே நேர்ந்தால், பலகையையோ உறுதியான கழியையோ துணியால் காலோடு சேர்த்துக் கட்டி அசைவைத் தடுத்த பின்னரே எடுத்துச் செல்லுதல் வேண்டும். மருத்துவமனையில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவர் மூச்சு விரைந்தாலும் பேச்சுத் தடுமாறினாலும், "வலியால் இப்படி இருக்கிறார்" என்று நாமே முடிவு கட்டாமல் உடனே மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

டிரெஸ்டனில் நசுங்கி இறந்த தொழிலாளியின் பெயரையும், டோர்ப்பாட்டில் கூரையிலிருந்து வீழ்ந்தவரின் பெயரையும் இவ்வரலாறு எடுத்துரைப்பதில்லை. அவர்களுக்கு மருத்துவம் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆனால் அவர்களிடம் கண்டதை மறவாது எழுதி வைத்தவர்களும், எழுதியதை ஐயுற்றுத் திருத்தியவர்களும், தம் அச்சத்தையே சோதனைக்கு உட்படுத்தியவர்களும் வழிவழியாகத் தோன்றினர். அதனால்தான் நாம் தொடக்கத்தில் கண்ட அந்த இளைஞன், எலும்பை உரிய காலத்தில் நிலைநிறுத்தினால், பெரும்பாலும் மூன்றாம் நாள் காலையிலும் தன் தாயைப் பெயர் சொல்லாமல் "அம்மா" என்றே அழைக்கிறான்.